தண்ணீர்த்தொட்டிக் கோடு

பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் புருஷன் பெண்டாட்டி என்ற கணக்கெல்லாம் மேலேயே நின்றுவிடும். அவளும் அவள் கணவரும் வேலை பார்த்த நிலவியல் அலுவலகத்தின் விதி அப்படி. பூமிக்குள் நிலப்பிளவு ஓடுகிறது என்று சந்தேகப்படும் இடத்தில், அதற்குக் குறுக்கே இரண்டு ஆள் ஆழத்துக்கு நீளமாக ஒரு பள்ளம் வெட்டுவார்கள். ஒரு பக்கச் சுவரை ஒருவர் பார்த்து வரைய வேண்டும், எதிர்ச் சுவரை இன்னொருவர். இருவரும் வரைந்து முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்க்கக் கூடாது. மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒருவர் வாய் இன்னொருவர் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

விதியைக் கொண்டுவந்ததே அவள் கணவர்தான். அலுவலகத்தில் அவருக்குக் கோட்டுக்காரர் என்று பெயர். நாட்டின் நிலப்பிளவுப் பட்டியலில் பாதிக்கு மேல் அவர் இழுத்த கோடுகள். தெருவில் தார் வெடித்திருந்தால்கூட நின்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் நகர்வார் என்று இளவட்டங்கள் கேலி செய்வார்கள். அவளை எல்லாரும் அக்கா என்பார்கள். இயக்குநர் அவளைவிட ஒரு வயது மூத்தவர், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். பள்ளம் வெட்டுகிற நாட்களில் கணவனும் மனைவியும் ஒரே காரில் போய், ஒரே டப்பாவில் சாப்பிட்டு, ஒரே வீட்டுக்குத் திரும்பி, அன்றைக்குப் பார்த்ததை மட்டும் வாயைத் திறக்காமல் வைத்திருப்பார்கள். "மத்த வீட்ல எல்லாம் சண்டை வந்தாத்தான் பேசாம இருப்பாங்க. நம்ம வீட்ல பேசாம இருக்கறதுக்குச் சம்பளம் வாங்குறாங்க" என்று மகள் சின்ன வயதிலிருந்தே சொல்வாள்.

பட்டியலின் வேலை கேட்பதற்கு எளிது. எந்தப் பிளவு உயிரோடு இருக்கிறது, எது செத்துவிட்டது என்று பிரித்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கடந்த பத்தாயிரம் வருஷத்துக்குள் ஒரு தடவையாவது அசைந்திருந்தால் அதற்கு உயிர் உண்டு. நாளைக்கே அது மறுபடி அசைந்து பூகம்பம் வரலாம் என்பதால் வரைபடத்தில் சிவப்புக் கோடு போடுவார்கள், அதன் இரு பக்கமும் யாரும் கட்டடம் எழுப்பக் கூடாது. அதற்கு முன்பே அடங்கிப்போனது என்றால் சாம்பல் கோடு, மேலே மாடி மாடியாகக் கட்டிக்கொள்ளலாம். சிவப்பா சாம்பலா என்பதைப் பள்ளத்துச் சுவர் சொல்லிவிடும். மேலே படிந்திருக்கும் இளம் மண்ணையும் பிளவு வெட்டியிருந்தால் சிவப்பு. அடியில் இருக்கும் பழைய மண்ணை மட்டும் வெட்டிவிட்டு நின்றிருந்தால் சாம்பல்.

அந்த வாரம் அவர்கள் இறங்கியிருந்த பள்ளம் ஊருக்கு மேற்கே குன்றடியில், புதிதாகப் பள்ளிக்கூடம் வரப்போகிற மைதானத்தில் இருந்தது. கல்வித் துறைக்கு அவசரம். எந்தத் துறைக்குத்தான் அவசரம் இல்லை? பூமி பத்தாயிரம் வருஷமாகச் செய்துவைத்ததை வெள்ளிக்கிழமைக்குள் பார்த்துச் சொல்லிவிடுங்கள் என்பார்கள். பள்ளத்தை வெட்டிக்கொடுத்த பொக்லைன் ஓட்டுநருக்கு வேறு குறை. "இவ்வளவு அம்சமா வெட்டிக் குடுத்தா, உள்ள போய் குண்டூசி குத்தி விளையாடறாங்க. கடைசியில என்னையே கூப்பிட்டு மூடச் சொல்றாங்க" என்று மேலே உட்கார்ந்து ரேடியோவோடு பேசிக்கொண்டிருந்தார்.

குண்டூசி விளையாட்டுதான் வேலையே. கரணையால் சுவரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஆணியும் நூலுமாகக் கட்டம் கட்டி, ஒரு மண் முடிந்து இன்னொரு மண் தொடங்கும் இடத்திலெல்லாம் மஞ்சள் தலை ஊசிகளைக் குத்திக்கொண்டே போக வேண்டும். ஊசிகள் போகிற வழியைப் பார்த்துத் தாளில் வரைய வேண்டும். அவள் சுவரில் அடியில் சரளை இருந்தது, அதன் மேல் பழுப்புக் களிமண், அதன் மேல் மாவு மாதிரி மெல்லிய சாம்பல் நிற வண்டல். பிளவு சரளையை ஒரு சாண் இறக்கியிருந்தது. அதோடு நிற்கவில்லை. களிமண்ணைக் கடந்து, வண்டலையும் இரண்டு விரற்கடை இறக்கிவிட்டு, மேல்மண்ணுக்கு அடியில் போய் மறைந்தது. வண்டல் என்றால் நேற்றைக்கு வந்த மண், இவர்கள் கணக்கில். அவள் ஊசியைக் குத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பள்ளிக்கூடம் போச்சு என்று நினைத்தாள். போகட்டும், பிள்ளைகள் பிழைத்தார்கள்.

விதிப்படி அன்று மாலை வீட்டில் வாயைத் திறக்கவில்லை. அவரும் திறக்கவில்லை. ஆனால் நல்ல குஷியில் இருந்தார், குளிக்கும்போது பாட்டு வேறு. அவரும் பார்த்துவிட்டார், மறைக்கத் தெரியாமல் மறைக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர் குஷி எதனால் வருகிறது என்பது தனக்குத் தெரியும் என்ற தைரியம் அவளுக்கு.

மறுநாள் உச்சி நேரத்துக்கு இருவரும் முடித்தார்கள். தாள்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் சுவரை மற்றவர் சரிபார்ப்பது அடுத்த வேலை. அவர் தாளைப் பிரித்துப் பார்த்தாள். சரளை இறங்கியிருந்தது, சரி. களிமண் உடைந்திருந்தது, சரி. அங்கேயே கோடு நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் வண்டல், ஒரு சுளிவும் இல்லாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நேராகப் போனது. கீழே பென்சிலால் எழுதியிருந்தார்: செத்தது.

முதலில் தன்னையேதான் சந்தேகப்பட்டாள். கோட்டுக்காரர் வரைந்ததும் தான் வரைந்ததும் வேறு வேறாக இருந்தால் யார்தான் அவரைச் சந்தேகப்படுவார்கள்? ஒரு சுவரில் மேலே வருகிற பிளவு இன்னொரு சுவரில் கீழேயே அடங்கிவிடுவதும் உண்டு. தாளைப் பிடித்துக்கொண்டு அவர் சுவருக்குப் போனாள்.

பிளவு அங்கேயும் இருந்தது. தேட வேண்டிய அவசியமே இல்லை, பொக்லைன்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அவரே விரலை வைத்துக் காட்டியிருப்பார். வண்டல் ஒரு விரற்கடை இறங்கி, படி மாதிரி ஒடிந்து, திரும்பவும் போனது. அவர் குத்திய மஞ்சள் ஊசிகள் மட்டும் நூல் பிடித்தாற்போல் நேராகப் போயிருந்தன. படிக்கு இந்தப் பக்கம் வண்டலின் விளிம்பில் இருந்த ஊசிகள், அந்தப் பக்கம் போனதும் வெறும் வண்டலின் நடுவில் குத்தியிருந்தன. எந்தக் கற்றுக்குட்டியும் செய்யாத வேலை.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்."

வந்தார். "என்ன, முகத்தை இப்படி வெச்சிருக்கே?"

"இந்த இடத்துல உங்களுக்கு என்ன தெரியுது?"

"வண்டல். நேரா போகுது. மேல ஒண்ணும் ஆகல, அதான் எழுதியிருக்கேனே."

"நல்லா பார்த்துச் சொல்லுங்க."

"என்னைப் பார்த்தா நல்லா பார்த்துச் சொல்லுங்கறே?" என்று சிரித்தபடி கட்டைவிரலைச் சுவரில் வைக்கப் போனார். அது அவருடைய வழக்கம். ஈரக் கையால் சுவரைத் தடவி, கட்டைவிரலால் ஒவ்வொரு மண்ணாகத் தேய்த்துப் பார்ப்பார். கொஞ்ச காலமாக அது ரொம்பவே அதிகமாகியிருந்தது. இளவட்டங்கள் அதைப் பெரிய வித்தை என்று நினைத்து, பள்ளத்தில் இறங்கியதும் ஆளாளுக்குக் கட்டைவிரலை நனைத்துக்கொண்டு நின்றார்கள். அவள்கூடப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "விரல் வேண்டாங்க. கண்ணால சொல்லுங்க."

தன் ஆள்காட்டி விரலைச் சத்தமில்லாமல் அந்தப் படியின் மேல் வைத்தாள். "என் விரல் எங்க இருக்கு?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரைத்தான் பார்த்தார், அவள் விரல் இருந்த இடத்தையே பார்த்தார். மேலே ரேடியோவில் யாரோ எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"வெளிச்சம் போதல" என்றார்.

"உச்சி வெயிலுங்க."

சுவர் சரியாமல் இருக்கக் கொடுத்திருந்த முட்டுக்கட்டைக்குக் கீழே இருந்த பலகையை அவர் கையால் துழாவி, அதில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமாச்சு" என்றார். "நடுவுல ஒரு கறை மாதிரி. சுத்தி எல்லாம் தெரியும். எதைப் பார்க்கணுமோ அது மட்டும் தெரியாது. டாக்டர்கிட்ட போனேன். ஊசி போட்டா வேகம் குறையும், போனது போனதுதான்னுட்டார்."

"என்கிட்ட சொல்லல."

"சொல்லல."

கார் ஓட்டுவதை அவர் நிறுத்தியது இடுப்பு வலியால் என்று இவ்வளவு நாளும் நம்பியிருந்தாள். இடுப்புக்குத் தைலம்கூடத் தேய்த்துவிட்டிருக்கிறாள். எங்கோ காட்டில் மண்ணுக்கடியில் கிடக்கிற முடியளவு வெடிப்பைக் கண்டுபிடிப்பவளுக்கு, பக்கத்துத் தலையணையில் படுத்திருப்பவரின் கண் போனது தெரியவில்லை. அவர்மேல் வந்த கோபத்தைவிடத் தன்மேல் வந்த கோபம் பெரிதாக இருந்தது. இரண்டையும் அவர்மேலேயே கொட்டினாள்.

"கண்ணு தெரியாம இத்தனை நாள் எதை வரைஞ்சீங்க? மனசுல தோணினதையா?"

"கத்தாதே. விரல்ல தெரியும். சரளை எது, களிமண் எதுன்னு விரல் சொல்லும். சத்தியமா சொல்லும். வண்டல்தான்..." நிறுத்தினார். "வண்டல் வழவழன்னு இருக்கும். அதுல ஒடைஞ்சது விரலுக்கு எட்டல போல. இப்பத்தான் தெரியுது."

பிறகு அவரே கேட்டார்: "உன் சுவர்ல மேல வருதா?"

"வருது. ரெண்டு விரக்கடை."

"அப்ப பள்ளிக்கூடம் நின்னுடும். ஒரு சுவர் போதும். என் தாளைக் கிழிச்சுடறேன், நீ சொல்லச் சொல்லத் திருத்தி வரையறேன். வர்ற வருஷம் எப்படியும் நான் ஓய்வு. யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் கிட்டத்தட்ட சரி என்று சொல்லிவிட்டாள். இதை மறைத்து அவளை நல்லவளாகக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. வாய்வரை வந்துவிட்டது. இந்த மனிதர் கௌரவமாக ஒரு மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும், அதன் பிறகு கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போவது தன் பாடு என்றுதான் நினைத்தாள். அப்போதுதான் மற்றப் பள்ளங்கள் ஞாபகத்துக்கு வந்தன.

இரண்டு வருஷமாக அவள் பெரும்பாலும் அலுவலகத்தில் வரைபட வேலையில் இருந்தாள். பள்ளங்களில் அவரோடு இறங்கியவர்கள் இளவட்டங்கள். விதிப்படி அவர்களும் தனியாகத்தான் வரைவார்கள். ஆனால் தாளை மாற்றிக்கொள்ளும்போது வித்தியாசம் வந்தால் ரப்பரை எடுப்பது யார் என்று கேட்கவே வேண்டாம். கோட்டுக்காரர் பார்க்காததைத் தான் பார்த்துவிட்டதாகச் சொல்கிற நெஞ்சழுத்தம் அந்த வயதில் யாருக்கு வரும்? அத்தனை பள்ளங்களையும் மூடியாகிவிட்டது. அத்தனை கோடுகளையும் பட்டியலில் ஏற்றியாகிவிட்டது. அவற்றில் எத்தனை சாம்பல்?

"தண்ணீர்த்தொட்டிக் கோடு நீங்கதானே பார்த்தீங்க?" என்றாள்.

அவர் தொப்பியைத் திருப்புவதை நிறுத்தினார்.

ஊரின் வடகோடியில், பெரிய தண்ணீர்த்தொட்டி நிற்கும் மேட்டுக்குக் கீழே, வரிசையாகப் புது வீடுகள். போன வருஷம் மகளும் மருமகனும் அங்கே வீடு பார்த்துவிட்டு வந்து, "அந்த மேட்டுக்கடியில கோடு ஒண்ணு போகுதாமேப்பா?" என்று கேட்டார்கள். அவரே ஓர் இளவட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய்ப் பள்ளம் வெட்டிப் பார்த்தார். செத்தது என்றார். மகள் வேறு யாரையும் கேட்கவில்லை, வாங்கிவிட்டாள். பேத்தி அந்த வீட்டில்தான் நடக்கக் கற்றுக்கொண்டாள்.

எத்தனையோ கோடுகள் இருக்க, அவற்றின் மேல் எத்தனையோ பேர் இருக்க, அவளுக்கு முதலில் வாயில் வந்தது இந்தக் கோடு. பெற்றவளுக்கு அப்படித்தான் வரும், இதில் என்ன தப்பு என்பார்கள். அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது.

"அங்கயும் மேல வண்டலா?"

"வண்டல்" என்றார்.

திரும்பும் வழியில் காரை அவள் ஓட்டினாள். பாதித் தூரம் போனது. அவர் சன்னலைப் பார்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான் சொல்லிடறேன். எல்லாத்தையும் சொல்லிடறேன். ஆனா ஒரு மாசம் கழிச்சு. அதுக்குள்ள நம்ம பொண்ணு அந்த வீட்டை வித்துடட்டும். கோடு சிவப்பாயிடுச்சுன்னா அதைச் சீந்த ஆள் இருக்காது. அவ தலையெழுத்தை நானே கெடுத்த மாதிரி ஆயிடும்."

அவள் காரை ஓரமாக நிறுத்தினாள். பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டிப் போனது.

"வாங்கறவங்களுக்குப் பிள்ளை இருக்காதா?"

அவர் சன்னல் பக்கமே திரும்பியிருந்தார்.

"சொல்லுங்க. இருக்காதா?"

"இருக்கும்" என்றார் மெதுவாக.

"நாளைக்குக் காலையில நீங்க சொல்லணும். இல்லன்னா நான் சொல்லிடுவேன். நான் சொன்னா உங்களுக்கு அவமானம்."

"நான் சொன்னாலும் அவமானந்தான்."

"ஆமா" என்றாள். அப்படியெல்லாம் இல்லைங்க என்று சொல்லியிருக்கலாம், ஆறுதலாக இருந்திருக்கும். பொய்யாகவும் இருந்திருக்கும். காரை எடுத்தாள்.

மறுநாள் இயக்குநரின் அறையில் அவர் நின்றுகொண்டே சொன்னார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. இயக்குநர் ஒரு காலத்தில் அவரிடம் கரணை பிடிக்கப் பழகியவர். "சார், காலையிலயே விளையாடாதீங்க" என்று சிரித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எப்ப இருந்து சார்?"

"பாலத்தடிக் கோடு பார்த்தோமே, அதுக்கு முந்தின மழைக்காலத்துல இருந்து. அதுக்கு அப்புறம் நான் பார்த்தது எதையும் நம்பாதீங்க."

"சார், அதுல பாதியாவது சரியா இருக்கும். உங்க கை..."

"எந்தப் பாதின்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

அதன் பிறகு நடந்தது சாதாரண அலுவலக வேலை. கணினியில் பட்டியலைத் திறந்தார்கள். அவரால் திரையைப் படிக்க முடியாது என்பதால் அவள் ஒவ்வொரு பெயராக வாசித்தாள். பாலத்தடி. பழைய குவாரி. ரயில் வளைவு. ஒவ்வொன்றுக்கும் அவர் "மாத்துங்க" என்றார். மறுபடி வெட்டிப் பார்க்கும்வரை உயிருள்ளதாகக் கொள்ள வேண்டும் என்று குறிப்பு எழுதி, இயக்குநர் சாம்பலைச் சிவப்பாக்கினார். ரயில் வளைவுக் கோட்டின் மேல் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி இருந்தது. அதற்கு வந்தபோது இயக்குநர் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார், இனி யார் யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவள் அடுத்த பெயரை வாசித்தாள்.

"தண்ணீர்த்தொட்டி."

மற்றப் பெயர்களை வாசித்த அதே குரலில்தான் வாசித்தாள், அதற்காக ரொம்பவும் பிரயாசைப்பட்டாள். இயக்குநருக்கு அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். வீட்டுக்குக் குடி புகுந்தபோது வந்து சாப்பிட்டுப் போனவர். அவர் விசையைத் தொடாமல் காத்திருந்தார்.

"மாத்துங்கப்பா. ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் கோட்டுக்காரர்.

கோடு சிவப்பானது.

புதுப் பட்டியல் மறுநாள் காலையில் எல்லாரும் பார்க்கும்படி வெளிவரும். அன்று சாயங்காலமே இருவரும் மகள் வீட்டுக்குப் போனார்கள். மருமகன் வேலையிலிருந்து வரவில்லை. மகள் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். "என்ன ரெண்டு பேரும் சேர்ந்து வந்திருக்கீங்க, பேசாவிரதம் முடிஞ்சுதா?" என்றாள்.

கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் சொன்னார். சுற்றி வளைக்கவில்லை. கண் போனதைச் சொன்னார், கோட்டைச் சொன்னார், அது சிவப்பாகிவிட்டதைச் சொன்னார். மகள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள்.

"நீங்க சொன்னீங்கன்னுதான்பா வாங்கினோம். வேற எவன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். நாலு பேரைக் கேட்டிருப்பேன். எங்கப்பா பார்த்துட்டார்னு ஊரெல்லாம் சொன்னேன். எதிர் வீட்டுக்காரங்க வாங்கினதே நான் சொல்லித்தான், தெரியுமா?"

"தெரியாதும்மா."

"செத்துதான் போயிருக்கும். உங்களுக்குக் கண்ணு தெரியலன்னா அதுக்கு உயிர் வந்துடுமா?"

"வராது. செத்ததாவும் இருக்கலாம். மறுபடி வெட்டிப் பார்த்தாத்தான் தெரியும்."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் உயிரோட இருக்குன்னுதான் வெச்சுக்கணும்."

"எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா வித்துட்டாவது..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்தினாள். எதிர் வீட்டு வாசலில் யாரோ சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. அவள் அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

குழந்தையைத் தூக்கித் தன் அம்மாவின் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அழுவதற்குப் போகிறாள் என்று அம்மா நினைத்தாள். உள்ளேயிருந்து சாமான்களை இறக்கும் சத்தம் வந்தது. கனமான எதையோ தரையில் இழுக்கும் சத்தமும் வந்தது. அவர் சத்தம் வந்த திசையில் தலையைத் திருப்பினார், பிறகு எழுந்து, சுவரைத் தொட்டுக்கொண்டே போனார். அவளும் குழந்தையோடு பின்னால் போனாள்.

குழந்தையின் கட்டில், உயரமான இரும்பு அலமாரியை ஒட்டினாற்போல் இருந்தது. அலமாரி மேலிருந்த பெட்டிகளை மகள் இறக்கிவிட்டிருந்தாள். இப்போது கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்தப் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டிலின் ஒரு கால் மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. முகமெல்லாம் ஈரம், துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. அப்பா வாசற்படியில் நிற்பதைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"அப்பா."

"என்னம்மா?"

"இங்கதான் நிக்கிறேன். என் முகம் தெரியுதா?"

இரண்டு வருஷமாக யார் எதைக் கேட்டாலும் தெரிகிறது தெரிகிறது என்று சொல்லிப் பழகிய மனிதர். மண்ணைப் பற்றிக் கேட்டாலும் சொன்னார், மனைவி கேட்டாலும் சொன்னார். அவர் மகளை நேராகப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் குழந்தையோடு நின்றவள், எதையாவது சொல்லித் தப்பிக்கப் போகிறார் என்று பயந்தாள்.

"தெரியல" என்றார். "குரல் வர்ற இடத்துல யாரோ நிக்கற மாதிரி இருக்கு. உன் முகம் தெரியலம்மா."

மகள் வந்து அவர் கையைப் பிடித்தாள். கோபம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை, பிடி கெட்டியாகத்தான் இருந்தது. அவரைக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போய், அவர் கைகளை மரச்சட்டத்தின் மேல் வைத்தாள்.

"இதைப் புடிங்க. சன்னல் பக்கம் வேண்டாம், கண்ணாடி இருக்கு. கதவுப் பக்கமா தள்ளணும். நான் சொல்றப்ப தூக்குங்க."

"சொல்லு" என்றார்.